புது டேங்க் வாங்குமுன் பழைய மூடியைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, கேத்தியிலிருந்து கேரட் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிறேன். சொந்த லாரி, நானேதான் ஓட்டுகிறேன். திரும்பும்போது உரமோ மாட்டுத்தீவனமோ ஏற்றி வருவேன். ஒன்றரை வருடத்தில் இரண்டு முறை கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) டேங்க் ஜாயின்ட்டில் விரிசல் விட்டுவிட்டது. இப்போது கம்பெனியே வடிவத்தை மாற்றிப் புது டேங்க் கொண்டுவந்திருக்கிறதாம். விலை இரு மடங்கு. வாங்கலாமா? மெக்கானிக் அலுமினிய டேங்க் போடச் சொல்கிறார்.

பதில்: வாங்கலாம், ஆனால் இன்றைக்கு வேண்டாம். இத்தனை சீக்கிரம் இரண்டு டேங்க் போயிருக்கிறதென்றால் என் சந்தேகம் டேங்க் மேல் இல்லை, மூடி மேல்தான்.

அழுத்த மூடி டேங்கிலேயே இருக்கிறதா, ரேடியேட்டரில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரேடியேட்டரில் இருந்தால் உங்கள் டேங்க் வழிந்ததைப் பிடித்துவைக்கும் குடுவை மட்டுமே. அதற்கு இரு மடங்கு பணம் தண்டம். டேங்கிலேயே இருந்தால், அந்த மூடிக்குள் ஒரு வால்வு இருக்கும். அழுத்தம் மிஞ்சினால் திறந்துவிடும், ஆறும்போது காற்றை உள்ளே இழுக்கும். அது இறுகிப்போனால் சுமை முழுவதும் ஜாயின்ட்டில் விழும். தளர்ந்துபோனால் வேறு தொல்லை: அழுத்தம் நிற்காது. அழுத்தம் இல்லாவிட்டால் ஊட்டி உயரத்தில் வெறும் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், எஞ்சின் சூடோ அதற்குச் சற்றுக் கீழேதான் ஓடிக்கொண்டிருக்கும். நம் மலையில் மூடி அலட்சியம் செய்கிற பொருளல்ல.

உங்கள் தடமும் கொடுமையானது. கல்லாறு தாண்டி 14 கொண்டை ஊசி வளைவுகள், சுமையோடு சின்ன கியரில் ஏற்றம். வந்து நிறுத்தினால் கேத்திக் குளிர், மார்கழியில் உறைபனி. மறுநாள் இறக்கத்தில் எஞ்சினுக்கு வேலையே இல்லை. பிளாஸ்டிக் தினமும் விரிந்து சுருங்குகிறது. இரண்டு பாதிகளைச் சூடாக்கி ஒட்டிய டேங்கில் முதலில் விட்டுக்கொடுப்பது அந்த ஒட்டுதான்.

காலையில், எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது, மூடியைக் கழற்றி ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்போ கடினமோ தெரிந்தால் மூடியை மாற்றுங்கள். பிறகு ஒர்க்‌ஷாப்பில் கைப்பம்பு வைத்து அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். பத்து நிமிடம் பம்பில் அழுத்தம் காட்டும் முள் இறங்கக் கூடாது. எஞ்சின் ஓடும்போது டேங்கில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைப்பகுதிக்கு அடியில் கசியாமல் அடைக்கும் தகடு) போயிருக்கலாம். அப்படியானால் எத்தனை புது டேங்க் போட்டாலும் விரிசல் விடும்.

இவை சரியாக இருந்தால் புது டேங்கையே வாங்குங்கள். கடையில் இரண்டு கேள்வி கேளுங்கள்: உங்கள் பழைய பாக எண்ணுக்குப் பதிலாகத்தான் கம்பெனி இதைக் கொடுக்கிறதா? பழைய மூடி, ஹோஸ், சென்சார் ஒயர் எல்லாம் இதில் பொருந்துமா? பொருந்தாவிட்டால் உண்மையான விலை சொன்னதைவிடக் கூடும். சுவர் தடித்திருக்கிறதா, ஜாயின்ட் இடம் மாறியிருக்கிறதா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாற்றம் வெறும் அழகுக்காகத்தான் என்றால் பணத்தைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அலுமினியம் எனக்குப் பிடிக்காது. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. குலுக்கலில் வெல்டிங் விட்டால் பர்லியார் வளைவில்தான் தெரியவரும். ஓடைத் தண்ணீர் ஊற்றுகிற பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். கூலன்ட்டும் காய்ச்சி வடிகட்டிய நீரும் சரிபாதி. வடித்த கூலன்ட்டைச் சாலையோரம் கொட்ட வேண்டாம், இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கிச் சாகும்.

பில் வாங்காமல் நகராதீர்கள். லாரி வைத்திருப்பவர் வியாபாரி, நுகர்வோர் அல்ல என்று கடைக்காரர் சொல்லலாம். 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சுயதொழிலால் பிழைப்பு நடத்த மட்டும் வாங்குகிறவரும் நுகர்வோர்தான். ஓட்டுவதும் நீங்களே என்பதால் உங்கள் வாதம் வலுவானது. உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். பழைய டேங்கைக் காயலான் கடைக்குப் போடுமுன் விரிசல் தெரியும்படி படம் எடுத்து அந்தப் பில்லோடு வையுங்கள்.