முதல் இருநிற ஸ்வெட்டர்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

எங்கள் பின்னல் குழுவில் போன கிழமை, இரண்டு நிற நூலை வைத்து முதல் ஸ்வெட்டர் பின்னுவது பற்றிக் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

அக்கா, ஒஸ்லோவில் இருக்கும் என் தம்பிக்குப் பின்ன ஆசை. ஒற்றை நிறத்தில் இரண்டு ஸ்வெட்டர் முடித்திருக்கிறேன். எந்த மாதிரியில் தொடங்கலாம்? (வெள்ளவத்தை)

ஐஸ்லாந்துக்காரர் போடும் வட்ட யோக் (கழுத்தையும் தோளையும் சுற்றி வரும் மேல்பகுதி) ஸ்வெட்டரில் தொடங்குங்கள் தங்கச்சி. உடம்பும் கைகளும் பெரும்பாலும் ஒற்றை நிறம்தான். அக்குளில் மூன்றையும் ஒரே வட்ட ஊசியில் சேர்த்த பிறகு, தோளைச் சுற்றி வரும் யோக்கில்தான் பூ வேலை முக்கியமாக வரும். அதற்குள் கை நன்றாகப் பழகியிருக்கும். சுற்றிச் சுற்றிப் பின்னுவதால் எல்லா வரிசையும் நிட் (நேர்ப் பின்னல்), பர்ல் (மறுபக்கப் பின்னல்) வராது. படத்தில் இருக்கிற பூ எப்போதும் உங்கள் கண்ணுக்கு முன்னால் நேராகத் தெரியும்.

நோர்வேயின் பழைய செட்டெஸ்டால் ஸ்வெட்டர் உடம்பு முழுக்கக் கறுப்பு வெள்ளைப் புள்ளியாக வரும். அதன் கீழ்ப்பகுதியை வெறும் வெள்ளையாக விட்டிருப்பார்கள். அது காற்சட்டைக்குள் போய்விடும், அங்கே ஏன் நிற நூலைச் செலவழிப்பது என்ற கணக்குத்தான். அந்தச் சிக்கனம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அது தம்பிக்கு இரண்டாவது ஸ்வெட்டராக இருக்கட்டும்.

நான் பின்னிய பூ வேலை சுருங்கிச் சுருங்கி நிற்கிறது. எங்கே பிழை? (தெஹிவளை)

பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இருநிறப் பின்னலின் நன்மை தீமை எல்லாம் அங்கேதான் இருக்கிறது. ஒரு நிறம் முன்னால் வேலை செய்யும்போது மற்ற நிறம் பின்னால் சும்மா ஓடுகிறது. அந்த ஓடும் நூல் இறுகினால் துணி முழுவதும் இறுகும். கழுவினாலும் இழுத்தாலும் அது சரிவராது.

நிறம் மாற்றும் ஒவ்வொரு முறையும், வலது ஊசியில் இருக்கும் கண்ணிகளை (நூல் வளையங்களை) விரலால் கொஞ்சம் அகட்டி விட்டு, பிறகு புது நிறத்தை எடுங்கள். ஒரு நிறம் ஐந்து கண்ணிக்கு மேல் சும்மா ஓடுவதாக இருந்தால், நடுவில் ஒரு இடத்தில் மற்ற நூலோடு பிணைத்து விடுங்கள். இல்லாவிட்டால் போடும்போது விரலில் மாட்டும். அடுத்தடுத்த சுற்றுகளில் ஒரே இடத்தில் பிணைக்க வேண்டாம், முன்னால் கோடாகத் தெரியும்.

கைப்பகுதியில் இன்னும் கவனம் வேண்டும். சுற்றளவு சின்னது என்பதால் நூல் தானாக இறுகும். என் மருமகனுக்கு நான் பின்னிய முதல் ஸ்வெட்டரில் கை முழங்கைக்கு மேல் ஏறவே இல்லை. அன்று அழுகையே வந்துவிட்டது, இரண்டு கைகளையும் முழுவதும் பிரித்தேன். அதற்குப் பிறகு கைப்பகுதியை உள்ளே வெளியாகத் திருப்பி வைத்துத்தான் பின்னுகிறேன். ஓடும் நூல் வெளிப்பக்கமாக நீண்ட வழியில் சுற்றி வருவதால் இறுக்கம் குறைகிறது. ஊசியும் பூ வேலை தொடங்கும் இடத்தில் அரை அளவு பெரிதாக்கலாம், 4.5 மி.மீ. என்றால் 5 மி.மீ.

மாதிரித் துண்டு கட்டாயமா மாமி? நேரமே இல்லை. (கொட்டாஞ்சேனை)

கட்டாயம் மகள். அளவு பார்க்க முதலில் பின்னும் சின்னத் துண்டுதான் அது. மார்பு 100 செ.மீ., 10 செ.மீ.க்கு 20 கண்ணி என்று நினைத்து 200 கண்ணி போடுகிறீர்கள். உண்மையில் உங்கள் கை 22 கண்ணி பின்னினால் ஸ்வெட்டர் 91 செ.மீ.தான் வரும். இருநிறத்தில் கை இறுகுவது வழக்கம், அதனால் ஒற்றை நிறத்தில் எடுத்த கணக்கு இங்கே உதவாது.

துண்டையும் சுற்றில் பின்னுவது போலவே பின்ன வேண்டும். வரிசை முடிந்ததும் திருப்பாமல், கண்ணிகளை ஊசியின் மறுமுனைக்குத் தள்ளி, நூலைப் பின்னால் தாராளமாக விட்டு, மறுபடி நிட் வரிசையே பின்னுங்கள். பிறகு கழுவிக் காய வைத்து அளவெடுங்கள். கழுவாமல் எடுத்த அளவை நம்ப வேண்டாம்.

நிறம் எப்படித் தேர்வது? புறக்கோட்டையில் கடைக்காரர் காட்டும்போது எல்லாமே வடிவாக இருக்கிறது. (பம்பலப்பிட்டி)

உருண்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் வாங்க வேண்டாம். செங்கல் சிவப்பும் கரும்பச்சையும் கடையில் சண்டை போடுவது போல இருக்கும், பின்னினால் பூவே தெரியாது. மாம்பழ மஞ்சளும் அரக்கும் ஒருபோதும் ஏமாற்றாது.

இன்னொன்று. இரண்டு நூலில் எது கீழிருந்து வருகிறதோ அதுதான் முன்னால் சற்றுத் தூக்கலாகத் தெரியும். பூவின் நிறம் கீழே, பின்னணி நிறம் மேலே. நடுவில் மாற்றினால், அந்தச் சுற்றிலிருந்து பூ மங்கிப் போகும்.

அக்ரிலிக் போதாதா? கம்பளி நூல் விலை தாங்கவில்லை.

போதும், பழகுவதற்கு நல்லது, கழுவுவதும் சுலபம். ஆனால் மேலே அயன் வைக்காதீர்கள். சூட்டில் உருகித் தொய்ந்தால் பிறகு மீளாது. கம்பளி நூலின் நார்கள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்வதால், ஒரு தடவை கழுவியதும் மேடுபள்ளமான கண்ணிகள் தாமாகச் சமனாகும். முதல் ஸ்வெட்டருக்கு அந்த உதவி பெரிது. முடிந்தால் கம்பளியே வாங்குங்கள்.

கொழும்பு ஈரத்தில் கழுவினால் காயுமா அக்கா?

காயும், அவசரப்படக் கூடாது. முதலில் சிவப்பு நூல் துண்டு ஒன்றை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள், சாயம் விட்டால் வெள்ளையோடு சேர்க்க வேண்டாம். கழுவிய ஸ்வெட்டரைப் பிழியாமல் துவாயில் சுருட்டி மேலே மிதித்து ஈரம் எடுங்கள். பிறகு பாயில் விரித்து ஃபேனுக்குக் கீழே போட்டு, நடுவில் ஒரு தடவை புரட்டிவிடுங்கள். கொடியில் போட்டால் பாரத்தில் நீண்டுவிடும். நன்றாகக் காயாமல் பெட்டியில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

கார்டிகனாக முன்னால் வெட்டித் திறக்கலாமா?

திறக்கலாம், குழாயாகப் பின்னி நடுவில் வெட்டுவது ஷெட்லாந்துத் தீவுகளின் பழைய வழக்கம். கம்பளி நூலில் செய்வதுதான் நல்லது. அக்ரிலிக் என்றால் வெட்டும் இடத்தின் இரு பக்கமும் முதலில் மெஷின் தையல் போட வேண்டும்.

ரொறன்ரோவில் பேரனுக்கு மார்கழிக்குள் அனுப்ப வேண்டும். இருநிறம் இதுவரை தொட்டதே இல்லை. முடியுமா? (ஒரு அம்மம்மா)

முடியும் அம்மா, ஆனால் முதலில் அதே நூலில், அதே பூவில் ஒரு தொப்பி பின்னுங்கள். சுற்றில் பின்னுவதால் அதுவே உங்கள் மாதிரித் துண்டு, அதிலேயே கண்ணி எண்ணலாம். பின்பக்கம் இறுகினால் ஒரு தொப்பியைப் பிரிப்பது பெரிய வேலை இல்லை. சரியாக வந்தால் ஸ்வெட்டரோடு அதையும் பார்சலில் வைத்துவிடுங்கள்.