நாடிழந்த இளவரசர் கூஹியோ: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஹவாய் இளவரசர் ஒருவர் உறுப்பினராக இருந்தார் என்று சென்ற இதழில் ஒரு வரி படித்தேன். அவர் யார்? எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர்?

பதில்: அவர் பெயர் ஜோனா கூஹியோ கலனியனாவோலே. ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் வடகோடியில் உள்ள கவாய் தீவில், கோலோவா என்ற ஊருக்கு அருகில், 1871 மார்ச் 26 அன்று பிறந்தார். அந்தத் தீவைத் தனி நாடாக ஆண்ட கடைசி மன்னர் கவுமுவாலீயின் கொள்ளுப்பேரன் அவர். தந்தை டேவிட் பீக்கோய் உயர்குடித் தலைவர். தாய் கெக்கவுலிக்கே ஹவாய் என்ற பெரிய தீவின் ஆளுநராகவே பதவி வகித்தவர். தந்தை முன்பே காலமாகிவிட, 1884இல் தாயும் இறந்தபோது கூஹியோவுக்கு வயது பதின்மூன்றுகூட நிரம்பவில்லை. தாயின் அக்காளான கப்பியோலானி, அப்போது தனி நாடாக இருந்த ஹவாயின் அரசியாக இருந்தார். அவருக்கும் மன்னர் கலாகாவாவுக்கும் பிள்ளை இல்லை. உறவினர் பிள்ளையைத் தம் பிள்ளையாகவே வளர்ப்பது அந்தத் தீவுகளில் இயல்பான வழக்கம் என்பதால், கூஹியோவும் அவருடைய அண்ணன்மார் டேவிட், எட்வர்ட் ஆகியோரும் பெரியம்மாவின் நிழலில், அரண்மனைப் பிள்ளைகளாக வளர்ந்தார்கள்.

கேள்வி: கலிபோர்னியாவில் அலைச்சறுக்கு விளையாட்டைத் தொடங்கிவைத்தவர்கள் இந்தச் சகோதரர்கள்தானா?

பதில்: ஆம், அமெரிக்கப் பெருநிலத்தில் அலைச்சறுக்கு நடந்ததற்குக் கிடைத்துள்ள மிகப் பழைய பதிவு இவர்களைப் பற்றியதுதான். கலிபோர்னியாவின் சான் மாட்டேயோவில் இருந்த ஒரு பள்ளியில் மூவரும் படித்துவந்தார்கள். 1885 ஜூலையில் சாந்தா குரூஸ் நகருக்குச் சென்றவர்கள், அங்கே கிடைத்த ரெட்வுட் மரத்தை ஊர் மரப்பட்டறையில் நீளப் பலகைகளாக அறுத்து வாங்கி, சான் லொரென்சோ ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் அலைமேல் ஏறிச் சென்றார்கள். உள்ளூர்ப் பத்திரிகை அதைச் செய்தியாக வெளியிட்டது. எட்வர்ட் 1887இல், இளம் வயதிலேயே இறந்துபோனார்.

கேள்வி: தன் குடும்பத்தின் அரசைப் பறித்த நாட்டின் நாடாளுமன்றத்திலேயே போய் அமர்ந்தது சரியா? அது துரோகம் ஆகாதா?

பதில்: இந்தக் கேள்வியை ஹவாய் மக்களே நெடுங்காலமாகக் கேட்டுவருகிறார்கள். 1893 ஜனவரியில், பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய வம்சாவளியினரான வணிகர்களும் வழக்கறிஞர்களும் சேர்ந்து, அமெரிக்கக் கப்பற்படை வீரர்கள் கரையிறங்கி நின்ற வேளையில், கலாகாவாவின் தங்கையும் அவருக்குப் பின் அரியணை ஏறியவருமான அரசி லிலியுவோக்கலானியைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அரசியை மீண்டும் அரியணையில் அமர்த்த எழுந்த கிளர்ச்சியில் கூஹியோவும் பங்குகொண்டார். அது தோற்றபோது பிடிபட்டு, ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அந்தச் சிறைக்குத் தேடிவந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எலிசபெத் கஹானு. 1896 அக்டோபரில் அவரையே மணந்துகொண்டார். 1898இல் அமெரிக்கா தீவுகளைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. மனம் கசந்த கூஹியோ வெளிநாடுகளில் அலைந்து, தென்னாப்பிரிக்கப் போயர் போரில் பிரிட்டன் தரப்பில் சேர்ந்து, பிறகுதான் ஊர் திரும்பினார். ஆகவே, சுகமாக இருந்து கட்சி மாறியவர் என்று அவரைச் சொல்ல முடியாது.

1902இல் அவர் குடியரசுக் கட்சியில் சேர்ந்து தேர்தலில் வென்றார். அந்தக் கட்சியில் கரும்புத் தோட்ட முதலாளிகளின் கை ஓங்கியிருந்தது என்பதால் அன்றும் பலர் வருந்தினார்கள். 1903 முதல் இறக்கும்வரை வாஷிங்டனில் தீவுகளின் பிரதிநிதியாக இருந்தார். அவையில் பேசலாம், மசோதா கொண்டுவரலாம், ஆனால் இறுதி வாக்கெடுப்பில் வாக்களிக்க முடியாது என்பதே அந்தப் பதவியின் நிலை. போன அரசு திரும்பி வராது, மிஞ்சிய மக்களையாவது காப்போம் என்று அவர் எண்ணினார் என்றே அவருடைய செயல்களிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன். அதைத் துரோகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: அப்படி அவர் மக்களுக்குச் செய்தது என்ன?

பதில்: எரிமலைகளைக் காக்கும் தேசியப் பூங்கா 1916இல் அமைய அவர் பாடுபட்டார். ஆனால் அவர் பெயரை நிலைநிறுத்தியது 1921 ஜூலையில் நிறைவேறிய ஹவாய் வாழ்விடச் சட்டம். வெளியிலிருந்து வந்த நோய்களால் பூர்வகுடி மக்கள் கூட்டம் கூட்டமாக மடிந்திருந்தார்கள்; 1848இன் நிலப் பங்கீட்டில் சாதாரணக் குடும்பங்களுக்கு மிகச் சிறு பங்கே வந்துசேர்ந்திருந்தது; எஞ்சியவர்களில் பலர் ஹொனலூலுவின் நெருக்கடியான வாடகைக் குடியிருப்புகளில் கிடந்தார்கள். அவர்களை மீண்டும் மண்ணில் குடியேற்ற, சுமார் 2,00,000 ஏக்கரை ஒதுக்கி, ஆண்டுக்கு ஒரு டாலர் குத்தகையில் 99 ஆண்டுகளுக்கு வழங்க இச்சட்டம் வழிசெய்தது.

அதற்கு அவர் கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும். கரும்பு விளைந்த நல்ல நிலங்கள் ஒதுக்கீட்டிலிருந்து விலக்கப்பட்டன. கிடைத்ததில் பெரும்பகுதி நீரற்ற வறண்ட பூமி. நிலம் பெற முப்பத்திரண்டில் ஒரு பங்கு பூர்வகுடி இரத்தம் இருந்தாலே போதும் என்று கூஹியோ விரும்பினார். சட்டமோ பாதிக்குக் குறையக் கூடாது என்றது. கலப்பு மணங்கள் மிகுந்த தீவுகளில் இந்த ஒரு வரையறை எத்தனையோ குடும்பங்களைத் தாயும் பிள்ளையுமாகப் பிரித்து நிறுத்திவிட்டது. தாய்க்கு உரிமையுள்ள மனையில் பிள்ளைக்கு உரிமை இல்லை என்ற நிலையை, பின்னாளில் வந்த திருத்தங்கள் ஓரளவுதான் தணித்திருக்கின்றன. மனைக்காகப் பதிந்துவைத்துக் காத்திருப்போர் இன்றும் பல்லாயிரம் பேர்.

கேள்வி: அவருடைய வாரிசுகள் இருக்கிறார்களா?

பதில்: கூஹியோவுக்கும் கஹானுவுக்கும் பிள்ளைகள் இல்லை. சட்டம் நிறைவேறி ஆறே மாதங்களில், 1922 ஜனவரி 7 அன்று, வைக்கீக்கியில் அவர் காலமானார், வயது ஐம்பது. நூவானு பள்ளத்தாக்கில் உள்ள அரச கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய பிறந்தநாள் இன்றும் ஹவாயில் அரசு விடுமுறை. குடும்பம் தழைத்தது அண்ணன் டேவிட் கவானநக்கோவாவின் வழியில்தான். அவர் அபிகெயில் கேம்பெல் என்பவரை மணந்து, இரண்டு மகள்களையும் ஒரு மகனையும் பெற்று, 1908இல் இறந்தார். அவருடைய பேத்தியான அபிகெயில் கவானநக்கோவா, அரசி லிலியுவோக்கலானி சிறைவைக்கப்பட்ட இயோலானி அரண்மனையைப் பேணும் அமைப்புக்குப் பல ஆண்டுகள் தலைமை தாங்கி, 2022 டிசம்பரில், தமது 96ஆம் வயதில் மறைந்தார்.