10 அடி ஃபிளெக்ஸ்ல லோகோ ஏன் பிசிறடிக்குது? – கேள்வி பதில்

திருவல்லிக்கேணி பிரஸ் ஒண்ணுல வருஷக்கணக்கா டிசைன் வேலை பாக்குறேன். வந்த கேள்விகள்ல சிலதுக்குப் பதில்.

பெரம்பூர்ல டிபன் கடை வெச்சிருக்கேன் அண்ணே. வாட்ஸ்அப்ல வந்த லோகோவை 10 அடி அகல ஃபிளெக்ஸுக்குக் கொடுத்தேன். ஓரமெல்லாம் படிக்கட்டு மாதிரி வந்திருக்கு. ஃபிளெக்ஸ் கடைக்காரர் ஏமாத்திட்டாரா?

அவர் மேல தப்பில்ல தம்பி. நீங்க கொடுத்தது ஜேபெக். அது பிட்மேப், அதாவது கட்டம் கட்டமா நிறம் ரொப்புன படம். ஒரு கட்டம்தான் ஒரு பிக்சல். 600 பிக்சல் அகலப் படத்தை 10 அடிக்கு இழுத்தா ஒரு பிக்சல் 5 மில்லிமீட்டர் ஆகும். கிட்டத்தட்ட ஒரு மிளகு சைஸ். கண்ணுக்குத் தெரியாம இருக்குமா?

வெக்டர் அப்படியில்ல. மார்கழியில "இடுக்குப்புள்ளி, 15லிருந்து 8 வரை"ன்னு கோலக் குறிப்பு போடுவாங்களே, அந்த மாதிரி. புள்ளி எங்க, கோடு எப்படி வளையணும்னு மட்டும்தான் ஃபைல்ல இருக்கும். அதே குறிப்பை வெச்சு வாசல்லயும் போடலாம், மாடவீதி அகலத்துக்கும் போடலாம். லோகோ போட்டவர்கிட்ட சிடிஆர் (கோரல்டிராங்கற டிசைன் சாஃப்ட்வேரோட ஃபைல்) இல்லன்னா எஸ்விஜி (இதுவும் வெக்டர் ஃபைல்தான்) கேட்டு வாங்குங்க.

ஜேபெக்கையே கோரல்டிராவுல வெச்சு சிடிஆரா சேவ் பண்ணா வெக்டர் ஆயிடும்ல?

ஆகாது. தூக்குச்சட்டி மாறுனா சாம்பார் மாறுமா? கோரல்டிராவுல வயர்ஃபிரேம் வியூ போட்டுப் பாருங்க. வெக்டர்னா வெறும் கோடா தெரியும், பிட்மேப் படமாவே நிக்கும். பிடிஎஃப்னு சொன்னாலும் நம்பாதீங்க, உள்ள ஜேபெக் உக்காந்திருக்கலாம்.

படத்தைத் தானாவே வெக்டரா வரையற ஆட்டோ ட்ரேஸ் இருக்கே சார், அதுல மாத்தினா போதாதா?

பெரிய, தெளிவான படம்னா ஓரளவு வரும். சின்னப் படம்னா அந்தப் பிசிறையும் சேர்த்தே வரைஞ்சு வெக்கும். வட்டத்துக்கு 4 நோடு (கோட்டைப் பிடிச்சு வெக்கிற புள்ளி) போதும், ட்ரேஸ் அதுக்கு 60 வெக்கும். ஃபிளெக்ஸ்ல அது தெரியாம போகலாம். ஸ்டிக்கர் கட்டிங்ல மாட்டிக்குவீங்க, பிளேடு ஒவ்வொரு நோடுக்கும் திரும்பும். ஆரம்பத்துல ஒரு வேன் ஸ்டிக்கருக்கு இப்படிச் சோம்பேறித்தனம் பண்ணேன். 'ஸ்ரீ'யோட சுழி உரிக்கும்போதே கிழிஞ்சு கையோட வந்துடுச்சு. மொத்த வினைலும் என் கணக்குல. அன்னியிலிருந்து பென் டூல்தான், ஓரத்து மேலயே கையால கோடு வரையறது. சாதாரண லோகோன்னா அரை மணி நேர வேலை. (பென் டூல் போடுற வளைவைப் பெசியே வளைவுன்னு சொல்றோமே, அந்த பியர் பெசியே 1960கள்ல ரெனோ கம்பெனியில கார் பாடி வரைய அதைப் பயன்படுத்துனவர்.)

வீட்ல சரியா இருந்த தமிழ் எழுத்து, பிரஸ்ல திறந்தா இங்கிலீஷ் குப்பையா தெரியுதுங்க!

பாமினி ஃபாண்ட்ல அடிச்சிருப்பீங்க. அதுல 'அம்மா'ன்னு நீங்க பாக்குறது, உள்ளுக்குள்ள எம், கே, செமிகோலன், கே, ஹெச். ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டர் உள்ளதை அப்படியே காட்டிடுது. கொடுக்கறதுக்கு முன்னாடி கோரல்டிராவுல எழுத்தை செலக்ட் பண்ணி கண்ட்ரோல் க்யூ அடிங்க, எழுத்து வெறும் வளைகோடா, அதாவது கர்வ் ஆயிடும். அப்புறம் ஃபாண்ட் தேவையில்ல. ஆனா எழுத்துப்பிழையும் திருத்த முடியாது! கர்வ் பண்ணாத காப்பி ஒண்ணு தனியா வெச்சுக்கோங்க. முகூர்த்த நேரத்தைத் தப்பா அடிச்சுட்டு, கர்வ் ஃபைலோட ராத்திரி 11 மணிக்கு வந்து நின்னவங்களைப் பாத்திருக்கேன்.

கல்யாணப் பத்திரிகையில போடுற ஜோடி போட்டோவையும் வெக்டர் ஆக்கணுமா?

வேண்டாம்மா. போட்டோ பிட்மேப்பாவே இருக்கட்டும். 5க்கு 7 இன்ச்சுன்னா, 300 டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி) கணக்குல 1500க்கு 2100 பிக்சல் வேணும். வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினா சுருக்கிடும், டாக்குமென்ட்டா அனுப்புங்க.

காசு கொடுக்காம கத்துக்க ஏதாவது?

இங்க்ஸ்கேப்ங்கற வெக்டர் வரையற சாஃப்ட்வேர். 2003லிருந்து இருக்கு, இலவசம். பிரஸ்ல சிடிஆர் கேட்டா பயப்படாதீங்க, பிடிஎஃப் எடுத்துக் கொடுங்க, கோரல்ல திறக்கும்.