14 கோர் பெருசா, 9 கோர் பெருசா?

கேள்வி: இந்திய ராணுவத்துகிட்ட 14 கோர் (பல டிவிஷன் சேர்ந்த பெரிய படைப்பிரிவு), பாகிஸ்தான்கிட்ட 9 கோர்னு படிச்சேன். அப்போ ஒன்றரை மடங்கு பலம்னு எடுத்துக்கலாமா சார்? ஒரு கோர்ல எத்தனை பேர் இருப்பாங்க?
(கல்லூரி மாணவி, விருதுநகர்)

பதில்: அப்படி எடுத்துக்க முடியாதும்மா. பட்டாலியன்ல சுமார் 800 பேர், மூணு பட்டாலியன் சேர்ந்தா பிரிகேட், மூணு பிரிகேடும் பீரங்கிப் படையும் சேர்ந்தா டிவிஷன், இதுவரைக்கும் ஓரளவு ஒரே அளவுதான், ஆனா கோர்னு வந்துட்டா ரெண்டு டிவிஷனும் இருக்கும் நாலும் இருக்கும், 40 ஆயிரம் பேரும் இருக்கலாம் 60 ஆயிரமும் இருக்கலாம், வேலையப் பாத்து டிவிஷன இதுல இருந்து கழட்டி அதுல சேப்பாங்க. சீனாவுல இதுக்குச் சமமான குரூப் ஆர்மி 13 இருக்கு, 2017 சீரமைப்புக்கப்புறம் அதுல பெரும்பாலும் டிவிஷனே கிடையாது, நேரா பிரிகேடுதான்.

அடுத்து வேலை. எல்லையிலயே நின்னு காக்குற கோர் வேற, எதிரி நாட்டுக்குள்ள புகுந்து அடிக்கிற ஸ்ட்ரைக் கோர் வேற. நம்ம ஸ்ட்ரைக் கோர்கள் மதுரா, அம்பாலா, போபால்னு உள்நாட்டுல இருந்துச்சு. 2001 டிசம்பர்ல பார்லிமென்ட் தாக்குதல் நடந்தப்புறம் அதையெல்லாம் மேற்கு எல்லைக்கு நகர்த்தவே கிட்டத்தட்ட மூணு வாரம் ஆயிடுச்சு. காகிதத்துல எவ்வளவு பெரிய படையா இருந்தாலும் நேரத்துக்குப் போய்ச் சேரலைன்னா என்ன பிரயோஜனம்? மதுராவுல இருக்குற 1வது கோர 2021ல சீன எல்லைப் பக்கம் திருப்பிட்டாங்க, ஆக 14ங்கிற எண்ணிக்கை மாறல, ஆனா பாகிஸ்தான் பக்கக் கணக்கு மாறிடுச்சு.

1971 போர்ல கிழக்கு பாகிஸ்தான்ல (இப்போ பங்களாதேஷ்) நடந்தத கொஞ்சம் பாரு, எனக்கு எப்பப் படிச்சாலும் மெய்சிலிர்க்குற விஷயம் இது. அதுக்கு மேற்குல நம்ம 2வது கோர், வடமேற்குல 33வது கோர், திரிபுரா பக்கத்துல லெப்டினன்ட் ஜெனரல் சகத் சிங்கோட 4வது கோர். அந்த 4வது கோர்ல இருந்த மூணும் மலைப் போருக்குன்னு அமைச்ச டிவிஷன், முன்னாடி இருந்ததோ கடல் மாதிரி மேக்னா ஆறு, அந்த ஆறு வரைக்கும் போறதுதான் அவங்களுக்குக் கொடுத்த வேலை. டிசம்பர் 9 அன்னிக்கு பாகிஸ்தான் ராணுவம் அந்த ஆத்து மேல இருந்த ஆஷுகஞ்ச் பாலத்த வெடி வச்சுத் தகர்த்துட்டாங்க. சகத் சிங் காத்துட்டு நிக்கல, கையில இருந்த கொஞ்சம் எம்ஐ-4 ஹெலிகாப்டர்ல அன்னிக்கு ராத்திரியே ஆட்கள அக்கரையில இறக்க ஆரம்பிச்சாரு, உள்ளூர் ஜனங்களோட படகும் சேர்ந்துக்கிச்சு, டாக்காவோட கிழக்கு வாசல் திறந்துடுச்சு. ஆனா டிசம்பர் 16 காலையில டாக்காவுக்குள்ள முதல்ல நுழைஞ்சது 4வது கோரும் இல்ல, வடக்குல இருந்து வந்த 101 கம்யூனிகேஷன் ஸோன் வீரர்கள். அது கோரே கிடையாது, சப்ளையும் நிர்வாகமும் பாக்குறதுக்குன்னு இருந்த அமைப்பு, அதுக்குக் கீழ ஒரு சண்டைப் படையக் கொடுத்து இறக்கிவிட்டாங்க, அவ்வளவுதான்.

அதனால ரெண்டு கோர ஒப்பிடணும்னா எத்தனைன்னு எண்ணாம, உள்ள என்ன இருக்கு, எவ்வளவு நாள்ல நகரும், ஆறு குறுக்க வந்தா தாண்ட வழி இருக்கா, அதுக்குத் தளபதி யாருன்னு கேளு.

கேள்வி: 33வது கோர் இருக்குன்னா 33 கோர் இருக்கணும்ல?
(வாசகர், கரூர்)

பதில்: இல்லைங்க, எண் வரிசையா வராது, நடுவுல நிறைய எண்ணே கிடையாது. லேயில இருக்குற 14வது கோர் 1999 செப்டம்பர்லதான் வந்துச்சு. அதுவரைக்கும் காஷ்மீர் பள்ளத்தாக்கு, கார்கில், சியாச்சின், கிழக்கு லடாக் எல்லாத்தையும் ஸ்ரீநகர்ல இருந்து 15வது கோர் ஒண்ணே பாத்துட்டு இருந்துச்சு. கார்கில் சண்டை முடிஞ்ச கையோட லடாக்கத் தனியா பிரிச்சுக் கொடுத்துட்டாங்க.