பையில் பனை வளருமா?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் செம்மண் நிலம் இருக்கிறது. பனங்கன்றைப் பையில் வளர்த்து, பெரிதானதும் நடலாமா? பெண் கன்றாகப் பார்த்து வாங்க முடியுமா? (ஒரு வாசகி, சாத்தான்குளம்)

பதில்: பை வேண்டாம் அம்மா. பனங்கொட்டையின் முளை மேலே வராது, நேராக மண்ணுக்குள் இறங்கும். நாம் அவித்துத் தின்கிற கிழங்கு அங்கேதான் உருவாகிறது. பைக்குள் அது முட்டி வளையும். பிடுங்கி நட்டால் பிழைப்பது அரிது. ஆவணி, புரட்டாசியில் விழும் பழத்தின் சதையை நீக்கி, மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே கொட்டையைப் புதையுங்கள். குழிக்கு இரண்டு போடுங்கள், ஒன்றாவது தேறும். ஐப்பசி மழை மீதியைப் பார்த்துக்கொள்ளும். மரத்துக்கு மரம் 10 அடி, சுவரிலிருந்தும் அதே அளவு. முதல் கோடையில் மட்டும் அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர். ஆடு கடிக்காமல் முள் வைத்து அடையுங்கள்.

அப்புறம், எருக்குழியைப் பக்கத்தில் வைக்காதீர்கள். காண்டாமிருக வண்டு அங்கே முட்டையிட்டுப் பெருகி, குருத்தைக் குடையும். பச்சை மட்டைகளை அழகுக்காகக் கழிக்கிறார்கள், எனக்குப் பிடிக்காத வேலை. காய்ந்ததை மட்டும் எடுங்கள்.

ஆணா பெண்ணா என்பது பூத்தால்தான் தெரியும். அதற்கே 12 வருடத்துக்கு மேல் ஆகும். ‘பெண் கன்று’ என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். அலகுப் பனையாகவே, அதாவது ஆண் பனையாகவே அமைந்தாலும் நுங்குதான் இல்லை, பதநீர் உண்டு.