பால் பல் விழவில்லை, கோரைப்பல்லும் முளைத்துவிட்டது

கேள்வி: நாங்கள் கோத்தகிரியில் வசிக்கிறோம். எங்கள் பொமரேனியன் ஆண் குட்டிக்கு ஆறரை மாதம் ஆகிறது. மேல்தாடையில் இருபுறமும் கீழ்த்தாடையில் இடப்புறமும் கோரைப்பற்கள் இரட்டையாக நிற்கின்றன. வாயில் நாற்றமும் உண்டு. தானாக விழுந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள்; நூல் கட்டி இழுத்துவிடலாம் என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர். இரண்டு மாதம் கழித்துக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்வதாக இருக்கிறோம். அதுவரை காத்திருக்கலாமா? இதே ஈற்றில் பிறந்த இன்னொரு குட்டி குன்னூரில் என் நாத்தனார் வீட்டில் வளர்கிறது.

மருத்துவர் பதில்: காத்திருக்க வேண்டாம். மேல்தாடைப் பற்களை எடுக்க ஓரிரு வாரம் தள்ளினாலும், கீழ்த்தாடையில் இடப்புறம் நிற்கும் பால் பல்லுக்கு அந்த அவகாசத்தையும் தர நான் விரும்பமாட்டேன். அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

நாய்க்குட்டிக்குப் பால் பற்கள் 28. வளர்ந்த நாய்க்கு 42. மூன்றாம் மாதத்தை ஒட்டி முன்பற்கள் விழத் தொடங்கி, ஐந்து, ஆறு மாதங்களில் கோரைப்பற்கள் மாறி, ஏழாம் மாதத்துக்குள் பல் மாற்றம் பெரும்பாலும் முடிந்துவிடும். குழந்தையின் பால் பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறியும் நம் வழக்கத்துக்கு நாய்க்குட்டியிடம் வாய்ப்பில்லை, ஏனெனில் விழுந்த பல்லை அது பெரும்பாலும் உணவோடு விழுங்கிவிடும், அதனால் கேடில்லை. அடியில் வளரும் நிரந்தரப் பல் மேலெழும்போது பால் பல்லின் வேர் சிறிது சிறிதாகக் கரைந்து, பிடிப்பிழந்து விழுவதே இயல்பான முறை. வேர் கரையாமல் போனால் பால் பல் அசையாமல் நிற்க, புதிய பல் விலகி வேறு வழியில் முளைக்கிறது. பொமரேனியன், சிவாவா, டேஷண்ட் போன்ற சிறிய இனங்களில் இது மிகுதி. நாட்டு நாய்களில் நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

இதில் வயதைக் கணக்கிடுவதைவிட வாயைத் திறந்து பார்ப்பதே மேல். ஒரே வகையைச் சேர்ந்த பால் பல்லும் நிரந்தரப் பல்லும் ஒரே இடத்தில் சேர்ந்து நிற்கக் கூடாது என்பதுதான் நாங்கள் பின்பற்றும் விதி. பால் பல் விரலுக்கு நன்றாக ஆடி, புதிய பல்லின் முனை இப்போதுதான் ஈறைக் கிழித்திருந்தால் சில நாள் பொறுக்கலாம். அப்போது ஊட்டி கேரட் ஒன்றை முழுதாகக் கொடுத்து, அருகில் இருந்து கடிக்க விடுவதும் உதவும். ஆடாத பல்லை எந்தக் கேரட்டும் அசைக்காது.

மேல்தாடையில் நிரந்தரக் கோரைப்பல் பால் பல்லுக்கு முன்புறம் முளைக்கிறது. பால் பல் அங்கேயே நின்றால் புதியது முன்னோக்கித் தள்ளப்பட்டு, வாயை மூடும்போது கீழ்க் கோரைப்பல் வந்து அமர வேண்டிய இடைவெளி குறுகும். கீழ்த்தாடையில் நிலைமை இன்னும் மோசம். அங்கே நிரந்தரப் பல் பால் பல்லுக்கு உட்புறமாக, நாக்கை ஒட்டி எழுவதால், பால் பல் விலகாவிட்டால் அது நேராக மேல் அண்ணத்தில் குத்தும். ஒவ்வொரு முறை வாயை மூடும்போதும் ஒரே இடத்தில் குத்திக் குத்திப் புண்ணாகி, கவனிக்காமல் விட்டால் மூக்குக்குள் துளையே விழுந்துவிடக்கூடும். மனிதருக்குத் தெத்துப்பல் அழகு என்பார்கள். நாய்க்கு அது வலி. குட்டி உணவைப் பாதியில் விடுகிறதா என்பதையும், அண்ணத்தில் சிவந்த பள்ளம் தெரிகிறதா என்பதையும் இன்றே பாருங்கள். நீங்கள் சொல்லும் நாற்றம், இரட்டைப் பற்களின் இடுக்கில் உணவும் முடியும் சிக்கி அழுகுவதால் வருவதாக இருக்கலாம். அதை அப்படியே விட்டால் நிரந்தரப் பல்லின் ஈறும் கெடும்.

நூலும் குறடும் வேண்டவே வேண்டாம். பால் கோரைப்பல்லின் வேர் வெளியே தெரியும் பகுதியைவிட நீளமானது, மெல்லியது, வளைந்தது. இழுத்தால் நடுவில் முறியும். உள்ளே தங்கிய துண்டு சீழ் பிடிக்கும். பக்கத்தில் வளரும் நிரந்தரப் பல்லும் சேதமடையலாம். வீட்டில் பிடுங்கப்பட்டு, முகம் வீங்கிய நிலையில் கொண்டுவரப்பட்ட குட்டிகளின் தாடைக்குள் மிஞ்சிய வேரைத் தேடி எடுப்பது, முழுப் பல்லை முறையாக எடுப்பதைவிட எனக்கும் கடினம், குட்டிக்கும் கடினம்.

முறையாக எடுப்பதற்கு முழு மயக்கம் தேவை. முதலில் பல் எக்ஸ்ரே எடுத்து, வேரின் நீளத்தையும் எது பால் பல் என்பதையும் உறுதி செய்துகொள்வது நல்லது. அடியில் நிரந்தரப் பல்லே இல்லாத பால் பல் சில நாய்களில் உண்டு. அதை எடுக்க வேண்டியதில்லை. மலையில் பல் எக்ஸ்ரே வசதி கிடைக்காவிட்டால் கோயம்புத்தூருக்கு இறங்குவதில் தயக்கம் வேண்டாம். ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் குட்டி வாந்தி எடுக்கும் என்பதற்காக முதல் நாளிலிருந்தே பட்டினி போட்டுவிடாதீர்கள். இவ்வளவு சிறிய குட்டிக்கு நீண்ட பட்டினியால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும் என்பதால், எத்தனை மணிக்கு உணவை நிறுத்துவது என்று மருத்துவரிடமே கேளுங்கள். மயக்கத்தில் சிறிய உடல் விரைவில் குளிர்ந்துவிடும். கோத்தகிரிக் குளிரில் திரும்பும் வழிக்குக் கம்பளி ஒன்று கையில் இருக்கட்டும். கருத்தடையையும் அதே மயக்கத்தில் முடிக்க முடியுமானால் நல்லதுதான், ஆனால் அதற்காகப் பல்லைத் தள்ளிப்போடாமல் கருத்தடையை முன்னுக்குக் கொண்டுவாருங்கள்.

பிறகு பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை குழைந்த சோறும் மென்மையான இறைச்சியும் போதும். வெங்காயம் சேர்க்கக் கூடாது. எலும்பு, கயிறு இழுக்கும் விளையாட்டு இரண்டும் வேண்டாம். முதல் நாள் எச்சிலில் இளஞ்சிவப்பு நிறம் தெரிவது இயல்பு. இரத்தம் சொட்டினால் உடனே அழைத்துச் செல்லுங்கள். வலிக்கு மருத்துவர் தரும் மருந்தைத் தவிர, வீட்டிலுள்ள பாராசிட்டமால், இப்யூபுரூஃபன் எதையும் தரக் கூடாது.

தடை நீங்கியதும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் பல் பல நேரங்களில் தானே சரியான இடத்துக்கு நகரும். மூன்று வாரம் கழித்தும் கீழ்ப்பல் அண்ணத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், அதை வெளிப்புறம் சாய்க்கும் சிகிச்சைகள் உண்டு; அதற்காகவே மறுபரிசோதனைக்கு வரச் சொல்வார்கள்.

இந்தக் குறை பரம்பரையாக வரக்கூடியது என்பதால், கருத்தடை செய்யும் உங்கள் முடிவு சரியானதே. குன்னூரிலுள்ள குட்டியின் வாயையும் இந்த வாரமே திறந்து பார்க்குமாறு நாத்தனாரிடம் சொல்லிவிடுங்கள்.