கேளுங்க, சொல்றோம்: காஸ்டிங் ஷீட் கைமாறாமல் இருக்க

கேள்வி: திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனி நடத்துகிறோம். வேலையை விட்டுப் போன மெர்ச்சண்டைசர் எங்கள் காஸ்டிங் ஷீட்டுகளை (செலவு, விலைக் கணக்கு) எடுத்துப் போயிருப்பாரோ என்று சந்தேகம், ஒவ்வொரு ஆர்டரிலும் ஒரு கம்பெனி எங்களைவிட இரண்டு சென்ட் குறைத்தே கோட் பண்ணுகிறது. டிஎல்பி (தகவல் கசிவைத் தடுக்கும்) மென்பொருள் போட்டால் எதுவும் வெளியே போகாது என்கிறார் ஒருவர். வாங்கலாமாங்க?

பதில்: இப்போதைக்கு வேண்டாங்க. அது மெயில், பென்டிரைவ், பிரவுசரில் ஏற்றும் ஃபைல் எல்லாவற்றையும் பார்த்து, தனக்குத் தெரிந்த வடிவம் இருந்தால் நிறுத்தும். பான் எண் என்றால் ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், ஓர் எழுத்து. ஆதாரின் 12 இலக்கத்தில் கடைசி இலக்கம் மற்ற பதினொன்றிலிருந்து கணக்கிட்டு வருவது, அதனால் அதையும் ஓரளவு சரியாகப் பிடித்துவிடும். உங்கள் ஷீட்டில் இருப்பதோ நூல் விலை, நிட்டிங், டையிங், தையல் கூலி, மார்ஜின் என்று வெறும் எண்கள்தான். எது ரகசியம் என்று நீங்கள் குறித்துக் கொடுக்காமல் மென்பொருளுக்கு எதுவும் விளங்காது, திரையை யாராவது செல்போனில் படம் எடுத்தால் அதுவும் தெரியாது.

முதலில் கூகுள் டிரைவைத் திறந்து, காஸ்டிங் ஃபோல்டர் 'லிங்க் இருந்தால் யாரும் பார்க்கலாம்' என்று கிடக்கிறதா பாருங்கள். அப்படியிருந்தால் போனவர் எதையும் திருடவே வேண்டாம், பழைய லிங்க்கைத் தட்டினால் இன்றைய விலையும் வரும். மார்ஜினைத் தனி ஃபைலாக்கி இரண்டு மூன்று பேரோடு நிறுத்துங்கள், சாம்பிள் பிரிவுக்கு அது எதற்கு? ராஜினாமா கடிதம் வந்த அன்றே டவுன்லோட் பதிவுகளைப் பாருங்கள், கடைசி நாளில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், சொந்த போனில் இருக்கும் கம்பெனி மெயிலையும் வாட்ஸ்அப் குரூப்பையும் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

அப்புறமும் வாங்குவதென்றால், கொஞ்ச நாள் எதையும் தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும்படி ஓடவிடுங்கள். எடுத்த எடுப்பில் தடுத்தால், ஷிப்மெண்ட் அவசரத்தில் பையருக்குப் போகிற பேக்கிங் லிஸ்ட்டும் நிற்கும், ஆட்கள் சொந்த ஜிமெயிலுக்கு மாறிவிடுவார்கள்.

ஒன்று, தொழிலாளர்களின் ஆதார், பேங்க் கணக்கு இருக்கும் சம்பள ஃபைலையும் பாருங்கள். தகுந்த பாதுகாப்பு இல்லாமல் தனிநபர் தகவல் கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க 2023-ஆம் வருடச் சட்டத்தில் இடமிருக்கிறது.

கேள்வி: யுஎஸ்பி ஓட்டைகளை எம்-சீல் வைத்து அடைத்துவிட்டால் போதாதா? (பெருந்துறை வாசகர்)

பதில்: மௌஸை எங்கே சொருகுவீங்க? பென்டிரைவை மட்டும் தடுக்க விண்டோஸிலேயே வழி இருக்கிறது, கம்ப்யூட்டர் பார்க்கிறவரிடம் சொன்னால் செய்துவிடுவார்.